பூனைக்கண்: பழைய நோய், புதுத் தாமதம்

கற்பிட்டிக் கோட்டையைப் பார்த்த ஆக்களுக்கு ஒல்லாந்தரைத் தெரியும். 1667இல் கட்டத் தொடங்கின கோட்டை அது. அதற்கு எழுபது வருடம் முந்தி, 1597இல், அந்த ஒல்லாந்தரின் நாட்டில் லைடன் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு படிப்பித்த பீட்டர் பாவ் என்ற பேராசிரியர், இறந்துபோன மூன்று வயதுப் பிள்ளை ஒன்றின் உடலைத் திறந்து பார்த்துக் குறிப்பு எழுதினார். இடது கண் பெரிதாக வீங்கி வெளியே தள்ளியிருந்தது. கட்டி நெற்றிப்பொட்டுப் பக்கமும் மண்டையோட்டுக்குள்ளும் பரவியிருந்தது. உள்ளே மூளையைப் போன்ற ஒரு பொருளும் கெட்டியான இரத்தமும் இருந்தன, அவற்றோடு நொறுக்கின கல்லைப் போல ஏதோ கலந்திருந்தது.

அந்த நொறுக்கின கல்தான் முக்கியமான துப்பு. இன்றைக்கும் இந்தக் கட்டிக்குள் கல்சியம் படிகிறது, ஸ்கேனில் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது. அதை வைத்துத்தான், நமக்குக் கிடைத்திருக்கிற குறிப்புகளில் குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயைப் பற்றிய முதல் குறிப்பு இது என்று வைத்திய வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். டொக்டர்மார் இந்த நோயை ரெட்டினோபிளாஸ்டோமா என்பார்கள். எங்கட பக்கம் அப்படிப் பேர் ஒன்றும் இல்லை. "புள்ளைக்குப் பூனைக்கண்" என்று சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுவோம்.

நான் வைத்தியம் படிக்கிறவள் இல்லை, வரலாறு படிக்கிறவள். இந்த நோயின் வரலாற்றைத் தேடி வாசித்ததற்குக் காரணம், வழக்கமான வைத்திய வரலாறு போல "அந்தக் காலத்தில் தெரியாது, இப்போது தெரியும்" என்று இது முடியவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பது இருநூறு வருடத்துக்கு முதலே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகும் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றால், நோயை மட்டும் பார்த்தால் போதாது. பிள்ளை பிறந்த இடத்தையும் பார்க்க வேண்டும்.

முதலில் நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்ணின் பின்சுவரில் வெளிச்சத்தை வாங்குகிற மெல்லிய படலம் விழித்திரை. அது வளர்ந்துகொண்டிருக்கிற வயதில், பெரும்பாலும் ஐந்து வயதுக்குள், அதில் கட்டி வரும். ஏறக்குறைய 15,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒரு பிள்ளைக்கு வரும், உலகம் முழுக்க வருடத்துக்கு எட்டாயிரம் பிள்ளைகளுக்கு மேல். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் நம்முடைய கண்மணி சில நேரம் சிவப்பாகத் தெரியும் இல்லையா? பின்னால் இருக்கிற இரத்தக் குழாய்களின் நிறம் அது. கட்டி இருந்தால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி, கண்மணி வெள்ளையாகவோ மங்கின மஞ்சளாகவோ மின்னும். பூனைக்கண் என்கிறது அதைத்தான். இரண்டாவது அடையாளம் மாறுகண். பார்வை கூர்மையாக இருக்கிற இடத்தில் கட்டி வந்தால், அந்தக் கண்ணால் பிள்ளைக்கு ஒழுங்காகப் பார்க்க ஏலாது, கண் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். மாறுகண் அதிர்ஷ்டம் என்று நம்புகிற ஊரில் அந்த அடையாளத்துக்கு என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பூனைக்கண் எல்லாம் புற்றுநோய் இல்லை. பிறவிக் கண்புரையாலும் வெள்ளை தெரியலாம், சில நேரம் கமரா பிடித்த கோணத்தாலும் தெரியலாம். ஆனால் எது என்று வீட்டில் இருந்து சொல்ல முடியாது.

1809க்கு வருவோம். ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வார்ட்ரொப் என்ற சத்திர வைத்தியர் அந்த வருடம் ஒரு புத்தகம் எழுதினார். அதுவரை பல விதமான கட்டிகளோடு ஒன்றாகக் குழப்பப்பட்ட இந்த நோயை அவர் பிரித்து எடுத்து, இது விழித்திரையில் இருந்துதான் தொடங்குகிறது என்று காட்டினார். கட்டி கண்ணுக்குள்ளேயே இருக்கும்போது கண்ணை எடுத்துவிட்டால் பிள்ளையைக் காப்பாற்றலாம் என்றும் சொன்னார். இன்றைக்கும் அடிப்படை அதுதான். கண்ணுக்கு வெளியே போக முதல் பிடிக்க வேண்டும்.

ஆனால் 1809இல் ஒரு தாய் தகப்பனிடம் போய் இதைச் சொல்வது எப்படி இருந்திருக்கும்? மயக்க மருந்து கிடையாது. ஈதர் கொடுத்து சத்திரசிகிச்சை செய்யலாம் என்று பொஸ்டனில் காட்டினது 1846இல். அதற்கு முதல் என்றால், முழு நினைவோடு இருக்கிற இரண்டு வயதுப் பிள்ளையை நாலு பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டும். கண்ணுக்குள்ளே பார்க்கக் கருவியும் இல்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸின் கண்நோக்கி வந்தது 1851இல். அதனால் வெளியில் நின்று பார்க்கிறவருக்கு நோய் தெரிகிற நேரம் அது பெரும்பாலும் முற்றிப் போயிருக்கும். "ஏலாது, எங்கட புள்ளைய விடுங்க" என்று அந்தக் காலத்துத் தாய் ஒருத்தி சொல்லியிருந்தால் அவளை நான் அறியாமைக்காரி என்று எழுத மாட்டேன். அவள் கண் முன்னால் இருந்த கணக்கு அப்படி: நிச்சயமான வேதனை, நிச்சயமில்லாத உயிர்.

இதை நீட்டிச் சொல்கிறதற்குக் காரணம், இன்றைக்கு மறுக்கிற பெற்றோரைப் பற்றிப் பேசும்போது "அறியாமை" என்ற ஒரு சொல்லால் எல்லாவற்றையும் மூடிவிடுகிறார்கள். மயக்க மருந்து வந்துவிட்டது, மறுப்பு போகவில்லை. ஏன் என்று கேட்டால், பிள்ளைக்கு நோவு இருப்பதில்லை. ஓடி விளையாடுகிற, சோறு தின்கிற, சிரிக்கிற பிள்ளை. அதன் கண்ணை எடுக்க வேண்டும் என்று முன்பின் தெரியாத ஒருவர், அரைகுறையாக விளங்குகிற மொழியில், பத்து நிமிடத்தில் சொல்கிறார். பெண்பிள்ளை என்றால் வீட்டில் முதலில் வருகிற கேள்வி உயிரைப் பற்றியது இல்லை, "நாளைக்கு இவள ஆர் முடிப்பாங்க?" என்பது. கசப்பான கேள்விதான். ஆனால் கேட்கிறவர்கள் அந்தப் பிள்ளையின் எதிரிகள் இல்லை.

அடுத்த கேள்வி, "வேற கண் வைக்க ஏலாதா?" நம்ம நாட்டில் இந்தக் கேள்வி வருவது நியாயம். ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கின கண் தான சங்கத்தால், 1964இல் சிங்கப்பூருக்குப் போனது முதல், இலங்கையர் தானம் கொடுத்த கண்கள் எத்தனையோ நாடுகளுக்குப் போயிருக்கின்றன. பாடசாலையில் நாங்கள் பெருமையாகப் படித்த விஷயம். ஆனால் மாற்றுவது கண்ணின் முன்பக்கக் கண்ணாடியான கருவிழிப் படலத்தை மட்டும்தான். முழுக் கண்ணை எடுத்துப் பார்வையோடு இன்னொன்று வைக்கும் வைத்தியம் இன்னும் இல்லை. எடுத்த இடத்தில் செயற்கைக் கண் வைப்பார்கள், பிள்ளை வளர வளர அதை மாற்றுவார்கள். இங்கே ஒரு பக்கக் கதை: 'கொலம்போ' என்ற பிரபலமான துப்பறியும் தொலைக்காட்சித் தொடரில் நடித்த பீட்டர் ஃபோக்குக்கு மூன்று வயதில் இதே நோய்க்காக வலது கண்ணை எடுத்தார்கள். பாடசாலையில் பேஸ்போல் விளையாடும்போது நடுவர் பிழையாக அவுட் கொடுத்தார் என்று தன் கண்ணாடிக் கண்ணைக் கழற்றி அவரிடம் நீட்டினதாக அவரே சொல்லித் திரிந்தார். 83 வயது வரை வாழ்ந்தார்.

1926 என்கிற வருடத்தையும் கொஞ்சம் கவனிக்கலாம். அமெரிக்கக் கண் வைத்தியர் சங்கம் ரெட்டினோபிளாஸ்டோமா என்ற பேரை ஏற்றுக்கொண்டது அந்த வருடம். இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு களுத்துறையில் தொடங்கினதும் அந்த வருடம்தான். இன்றைக்கு நாம் எம்.ஓ.எச். ஒஃபிஸ் என்று சொல்கிற ஏற்பாட்டின் தொடக்கம் அது, மிட்வைஃப் வீடு தேடி வருவதும் அந்த ஏற்பாட்டின் பகுதி. புத்தளத்துக்கு ரயில் வந்ததும் 1926இல். மூன்றுக்கும் ஒன்றோடொன்று தொடர்பு இல்லை. ஆனால் இந்த நோய் வந்த ஒரு கரையோரப் பிள்ளை பிழைக்க மூன்றும் தேவை: நோயை அடையாளம் காண்கிற அறிவு, வீட்டு வாசலுக்கு வருகிற ஒருவர், கொழும்புக்குப் போக ஒரு வழி.

கண் வைத்தியம் இந்தப் பக்கத்துக்குப் பிந்தி வந்தது என்றும் சொல்ல முடியாது. சென்னைக் கண் ஆஸ்பத்திரி 1819இல் தொடங்கினது, உலகத்தின் மிகப் பழைய கண் ஆஸ்பத்திரிகளில் ஒன்று. கொழும்பில் விக்டோரியா ஞாபகார்த்தக் கண் ஆஸ்பத்திரிக்கு 1903இல் அடிக்கல் வைத்தது ஆளுநரின் மனைவி லேடி ரிட்ஜ்வே. சிவப்பும் வெள்ளையுமான அந்தப் பழைய கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது. அவர் பேரில் இருக்கிற சிறுவர் ஆஸ்பத்திரிதான் இன்று நாட்டில் இந்த நோய்க்கான பிரிவு இருக்கிற இடம். மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்து, தமிழில் வைத்திய நூல்களும் ஆக்கிவிட்டு 1873இல் நாடு திரும்பினார். தமிழால் வைத்தியத்தைச் சொல்ல ஏலும் என்று காட்டி ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது. கற்பிட்டியில் இருந்து போகிற ஒரு உம்மாவுக்கு "கட்டி கண்ணுக்குள்ள மட்டும்தான் இருக்கு, இப்ப எடுத்தா புள்ள பிழைக்கும்" என்ற ஒரு வசனத்தைத் தமிழில் சொல்ல ஆள் இருக்கிறாரா இல்லையா என்பது இன்னும் அன்றன்றைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கிறது.

பழி பற்றியும் சொல்ல வேண்டும். பிள்ளைக்கு இப்படி ஒன்று வந்தால் எங்கட பக்கம் முதலில் தேடுவது மருந்தை இல்லை, ஆளை. கிரகணத்தில் வெளியே போனவள், யாரோ கண்ணூறு பட வைத்தவள், "சொந்தத்துக்குள்ள முடிச்சா இப்படித்தான்" என்று கடைசியில் எல்லாம் தாயில் வந்து நிற்கும். இந்த நோய் சில குடும்பங்களில் தொடர்ந்து வருகிறது என்பதை முதலில் எழுதினவர் பிரேசிலைச் சேர்ந்த ஹிலாரியோ டி கூவேயா. 1872இல் ஒரு சிறுவனுக்கு அவர் கண்ணை எடுத்தார். பையன் பிழைத்து, வளர்ந்து, கல்யாணம் முடித்தான். அவனுடைய பெண்பிள்ளைகளில் இரண்டு பேருக்கு இரண்டு கண்ணிலும் நோய் வந்தது. தகப்பன் வழியாக, கவனியுங்கள்.

பரம்பரை என்ற அறிவு எப்போதும் நல்லதற்குப் பயன்படவில்லை. 1933இல் ஹிட்லரின் ஜேர்மனி கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் பட்டியலில் பரம்பரைக் குருடும் இருந்தது. நோயைத் தடுக்கிறோம் என்று சொல்லி நோயாளியைத் தடுத்தார்கள்.

1971இல் அல்ஃபிரட் நட்சன் என்ற அமெரிக்க வைத்தியர் 48 பிள்ளைகளின் விபரங்களை வைத்துக் கணக்குப் போட்டார். ஆய்வுகூடம் கூட இல்லை, வெறும் வயதும் கட்டிகளின் எண்ணிக்கையும். இரண்டு கண்ணிலும் நோய் வந்த பிள்ளைகளுக்கு அது வெள்ளன வருகிறது, ஒரு கண்ணில் வந்தவர்களுக்குப் பிந்தி வருகிறது. ஏன்? அவருடைய பதிலைத் தோணிக்காரர் பாஷையில் சொல்கிறேன். ஒவ்வொரு கலத்தையும் இரண்டு நங்கூரக் கயிறு பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒன்று அறுந்தால் தோணி நிற்கும், இரண்டும் அறுந்தால்தான் இழுபடும். சில பிள்ளைகள் பிறக்கும்போதே எல்லாக் கலத்திலும் ஒரு கயிறு அறுந்து பிறக்கிறார்கள், அதனால் மற்றது அறுவதற்கு அதிக காலம் எடுப்பதில்லை. மற்றப் பிள்ளைகளுக்கு ஒரே கலத்தில் இரண்டும் தற்செயலாக அறுகிறது. அந்தக் கயிறு 13ஆவது நிறமூர்த்தத்தில் இருக்கிற ஒரு மரபணு என்று 1986இல் கண்டுபிடித்தார்கள். புற்றுநோயை அடக்கி வைக்கிற மரபணுக்களில் முதலில் பிரித்து எடுக்கப்பட்டது இதுதான். இன்றைய புற்றுநோய் ஆராய்ச்சியில் பெரிய பங்கு இந்தச் சின்னப் பிள்ளைகளின் கண்ணில் இருந்து தொடங்கினது என்று சொன்னால் மிகையில்லை.

எங்களுக்கு இதில் எடுக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பரம்பரை வகையிலும் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் குடும்பத்தில் முதல் யாருக்கும் நோய் இருந்ததில்லை, கயிறு புதிதாகத்தான் அறுந்திருக்கிறது. தாய் தகப்பன் இரண்டு பேரிடமும் இருந்து ஒரே குறை வந்தால்தான் வருகிற வகை நோயும் இல்லை இது. ஆகவே மச்சானை முடித்தது காரணம் இல்லை, கிரகணமும் காரணம் இல்லை. இதை ஒரு மாமி மருமகளிடம் சொன்னால் போதும், அந்த வீட்டில் ஒளிக்கிற தேவை பாதி குறைந்துவிடும். ஒளிக்கிறதும் தாமதம்தான்.

இப்போது கணக்கு. 2017இல் புதிதாக நோய் கண்டுபிடிக்கப்பட்ட 4,351 பிள்ளைகளை 153 நாடுகளில் இருந்து சேர்த்து ஒரு பெரிய ஆய்வு செய்து 2020இல் வெளியிட்டார்கள். பணக்கார நாடுகளில் நோய் பிடிபடுகிற வயதின் இடைநிலை 14 மாதம், மிக ஏழை நாடுகளில் 30 மாதம். பிடிபடும்போதே கட்டி கண்ணுக்கு வெளியே போயிருந்த பிள்ளைகள் பணக்கார நாடுகளில் நூற்றுக்கு இரண்டு பேர் கூட இல்லை, ஏழை நாடுகளில் ஏறக்குறைய பாதிப் பேர். அதே பிள்ளைகளை மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோது, பணக்கார நாடுகளில் 99.5 வீதம் உயிரோடு இருந்தார்கள், ஏழை நாடுகளில் 57.3 வீதம். வித்தியாசம் அந்தப் பதினாறு மாதத்தில் மட்டும் இல்லை, கிடைக்கிற வைத்தியத்திலும் இருக்கிறது. ஆனால் கண்ணைத் தாண்டிப் பரவின பிறகு எந்த நாட்டிலும் வைத்தியம் கஷ்டம்தான்.

இலங்கை அந்த மிக ஏழைப் பட்டியலில் இல்லை. வைத்தியம் இலவசம். தடுப்பூசிக்குப் பிள்ளையைக் கொண்டுபோகாத தாய் எங்கட கரையில் அபூர்வம். அப்படியென்றால் இங்கே தாமதம் எந்த இடத்தில் புகுகிறது?

வரைபடத்தைப் பாருங்கள். கற்பிட்டி ஒரு ஒடுங்கின தீபகற்பம். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு, பாலாவிக்கு வந்துதான் பிரதான வீதியில் ஏற வேண்டும். கொழும்புக்கு 150 கிலோமீற்றருக்கு மேல். கண்ணில் ஏதோ தெரிகிறது என்றால் முதலில் தாய்ப்பால் விட்டுப் பார்ப்பார்கள், பிறகு ஊர் டிஸ்பென்சரியில் சொட்டு மருந்து, பிறகு புத்தளம் அல்லது சிலாபம் ஆஸ்பத்திரி, அங்கிருந்து துண்டு எழுதிக் கொழும்பு. ஒவ்வொரு படியிலும் ஒரு கிழமை, ஒரு மாதம். "வளர வளரச் சரியாகும்" என்று ஏதாவது ஒரு படியில் ஒருவர் சொல்லிவிட்டால் அதோடு ஆறு மாதம். வைத்தியம் இலவசம், பஸ் இலவசம் இல்லை. தகப்பன் கடலுக்குப் போகாத நாளுக்கு யாரும் காசு தருவதில்லை. கண்ணைக் காப்பாற்ற மருந்து ஏற்றுவது என்றால் மூன்று நாலு கிழமைக்கு ஒரு தடவை, வழக்கமாக ஆறு தடவை போக வேண்டும். வீட்டில் இருக்கிற மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பது?

பருவத்துக்குப் பருவம் இடம் மாறுகிற மீனவக் குடும்பங்களும் இருக்கின்றன. உடப்புப் பக்கத்தில் இருந்து கிழக்குக் கரைக்கு வாடி அடிக்கப் போகிறவர்களைப் போல. ஒரு மிட்வைஃபின் பதிவில் இருக்கிற பிள்ளை நாலு மாதம் இன்னொரு கரையில் இருக்கும். 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து விரட்டப்பட்ட எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்துக்குத்தான் வந்தார்கள். ஓலைக் கொட்டிலில், தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற ஒரு முகாமில் கைக்குழந்தையின் கண்மணி ஒரு வெளிச்சத்தில் வெள்ளையாகத் தெரிவதை யார் நின்று பார்த்திருப்பார்கள்? எங்கட இடம்பெயர்வு வரலாற்றில் காணியும் வாக்கும் எழுதப்பட்டிருக்கிறது, எழுதப்படவும் வேண்டும். முகாம்களில் பிள்ளைகளின் உடம்புக்கு என்ன நடந்தது என்பதை இன்னும் யாராவது எழுத வேண்டும்.

கிட்டடியில் நடந்ததையும் மறந்துவிட வேண்டாம். 2020 மார்ச் 18, நாடு முழுக்க ஊரடங்கு போட முதலே புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் போட்டார்கள். 2022இல் பெற்றோல் வரிசை, மண்ணெண்ணெய் இல்லாமல் கரையில் கிடந்த தோணிகள், ஆஸ்பத்திரியில் மருந்துத் தட்டுப்பாடு. நாலு கிழமைக்கு ஒரு தடவை கொழும்பு போக வேண்டிய பிள்ளைக்கு அந்த வருடங்கள் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கட்டி ஊரடங்குக்கு நிற்காது.

இதையெல்லாம் மாற்றவே ஏலாது என்று நினைக்கத் தேவையில்லை. ஹொண்டூராஸ் என்ற மத்திய அமெரிக்க நாடு எங்களைவிட வசதி குறைந்தது. அங்கே 2003இல், தடுப்பூசி போடுகிற பிரசாரத்தோடு சேர்த்துப் பூனைக்கண் பற்றியும் சொல்லத் தொடங்கினார்கள். பரவின பிறகு வருகிற பிள்ளைகள் 73 வீதமாக இருந்தது 35 வீதமாகக் குறைந்தது. புது ஆஸ்பத்திரி கட்டி வந்த மாற்றம் இல்லை இது. ஊசிக்கு வந்த தாயிடம் கூடுதலாக ஒரு விஷயம் சொன்னார்கள். எங்களிடம் அந்த ஊசிக் கிளினிக் ஏற்கெனவே ஒழுங்காக நடக்கிறது. பிள்ளையின் சுகாதாரப் பதிவுப் புத்தகமும் ஒவ்வொரு வீட்டிலும், பொலித்தீன் பையில் சுற்றி, அலுமாரிக்குள் பிறப்புச் சான்றிதழோடு இருக்கிறது. நிறையை எழுதுகிற பக்கத்தை எல்லோரும் பார்க்கிறோம். அதே புத்தகத்தில் கண்ணைப் பற்றின கேள்விகளும் இருக்கின்றன. அடுத்த தடவை வீட்டில் எடுத்துப் பாருங்கள், அந்தப் பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று.

பிறகு போன். அமெரிக்காவில் பிரையன் ஷோ என்ற இரசாயனவியல் பேராசிரியரின் மகனுக்கு இந்த நோய் வந்தது. அவர் பழைய குடும்ப போட்டோக்களைத் தோண்டிப் பார்த்தபோது, டொக்டர்கள் கண்டுபிடிக்க முதலே எடுத்த படங்களில் வெள்ளை தெரிந்தது. அதை வைத்து ஒரு செயலி செய்தார்கள். 2019இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், கண் நோய் இருந்த பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பது பேரின் சாதாரணக் குடும்பப் படங்களில், நோய் கண்டுபிடிக்கப்பட சராசரியாக 1.3 வருடம் முன்னமே அந்த வெள்ளையைச் செயலி பிடித்தது. ஒரு வருடத்துக்கு மேல் அது அல்பத்தில் சும்மா இருந்திருக்கிறது.

எங்கட கரையில் எத்தனையோ பிள்ளைகளின் உம்மா குவைத்தில் இருக்கிறார், வாப்பா கட்டாரில் இருக்கிறார், பிள்ளை உம்மம்மாவிடம் வளர்கிறது. கையெழுத்துப் போட வேண்டிய ஆள் நாட்டில் இல்லாததால் சத்திரசிகிச்சை பிந்துகிற கதைகளும் உண்டு. ஆனால் அதே வீட்டில்தான் ஒவ்வொரு இரவும் சாச்சி ஃபிளாஷ் போட்டு பிள்ளையை போட்டோ எடுத்து இமோவில் அனுப்புகிறாள். உம்மம்மாவுக்குக் கண் மங்கல், அவருக்குத் தெரியாது. இந்தப் பிள்ளையின் முகத்தைத் திரையில் பெரிதாக்கி, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்க்கிற ஒரே ஆள் வேலைக்குப் போன வீட்டின் குசினியில் நிற்கிற அந்த உம்மாதான்.